வல்லிபுரத்தின் வீட்டுக்கு வந்த அழைப்பு

1

நான் அம்மாவோடு கதைப்பது சட்டப்படி. பகிடிக்குச் சொல்லவில்லை. ஐரோப்பாவில் பார லொறி ஓட்டுகிறவர்கள் நாலரை மணித்தியாலம் ஓடினால் முக்கால் மணித்தியாலம் நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும். ஓடியதையும் நின்றதையும் வண்டியில் பூட்டியிருக்கும் கருவி பதிந்துகொண்டே வரும். பொலிஸ் மறித்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் ஒன்பதரைக்கு ஏதாவது ஒரு தரிப்பிடத்தில் நிற்பேன். கோடையில் அப்போது எங்கள் ஊரான முள்ளியவளையில் பகல் ஒரு மணி. அம்மா சமையல் முடித்து, குசினியைக் கூட்டி, விறாந்தையில் கதிரையைப் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். மற்றச் சாரதிகள் அந்த முக்கால் மணித்தியாலத்தில் கண்ணயர்வார்கள். நான் ஊருக்குப் போன் எடுப்பேன்.

அம்மாவின் முதற்கேள்வி எப்போதும் ஒன்றுதான். "இண்டைக்கு எந்தத் தேசம்?" பெல்ஜியம் என்பேன், ஸ்பெயின் என்பேன், வீட்டுக்குப் பக்கத்தில் நின்றால் ஜெர்மனி என்பேன். அடுத்தது, "அங்க மழையோ?" மழை என்றால் நல்லது என்பார். மழை இல்லை என்றால் அங்குள்ள விவசாயிகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்பார். பிறகு முள்ளியவளைப் புதினம் வரும். யாருடைய மாடு யாருடைய பயிற்றங்கொடியைத் தின்றது, எந்த பஸ்காரன் கையைக் காட்டியும் நிறுத்தாமல் போனான், கோயிலில் இந்த முறை பொங்கலுக்கு யார் யார் வந்தார்கள் என்று எல்லாம் வரும். எல்லை தாண்டும் ஒவ்வொரு முறையும் என் போனுக்கு "உங்களை வரவேற்கிறோம்" என்று குறுஞ்செய்தி ஒன்று வந்து விழும். அவ்வளவு வரவேற்பு எனக்கு எந்த விமான நிலையத்திலும் கிடைத்ததில்லை.

போனில் நாங்கள் எல்லோரும் எப்போதும் சுகமாக இருப்போம். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து கை முறிந்து மாக்கட்டுப் போட்டிருந்தது அந்தக் கட்டைப் பிரித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு ஒரு கம்பனியில் வேலை போனது மறு கம்பனியில் வேலை கிடைத்த பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. கேட்டால் இரண்டு பக்கமும் ஒரே பதில்: தூரத்தில் இருக்கிற ஆளை ஏன் யோசிக்க வைப்பான். இருபது வருடமாக நாங்கள் ஒருவரையொருவர் இப்படித்தான் காப்பாற்றி வந்திருக்கிறோம். போன வருடம் அந்தப் பழக்கம் எங்களைக் காப்பாற்றவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

2

முதலில் என் பெயரைச் சொல்லிவிட வேண்டும். ஊரில் நான் குமார். பள்ளிக்கூட இடாப்பில் வ. சிவகுமாரன். அந்த 'வ' வல்லிபுரம், என் அப்பா. ஒரு புள்ளியோடு முன்னால் நிற்கிற எழுத்து, அவ்வளவுதான். ஜெர்மனிக்கு வந்து தஞ்சம் கேட்ட அன்று அலுவலகத்தில் ஒரு பெண்மணி குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். அப்படி ஒன்று எங்களுக்கு இல்லை என்றேன். எல்லோருக்கும் உண்டு என்றார். இந்த வல்லிபுரம் என்பது என்ன என்று கேட்டார். அது என் அப்பாவின் பெயர் என்றேன். அதுதானே குடும்பம் என்று சொல்லி எழுதிவிட்டார். அன்றைக்கு அவரோடு வாதாடும் அளவுக்கு எனக்கு மொழியும் இல்லை, தைரியமும் இல்லை.

அன்றிலிருந்து நான் ஹெர், அதாவது திரு, வல்லிபுரம். அதுவும் இவர்கள் மொழியில் அதன் முதலெழுத்தை 'ஃப' என்று உச்சரிப்பதால் ஹெர் ஃபல்லிபுரம். பல் வைத்தியர், வங்கி, பொலிஸ், பக்கத்து வீட்டுக் கிழவர், எல்லோருக்கும் நான் ஃபல்லிபுரம். சிவகுமாரன் என்று இந்த நாட்டில் என்னை ஒருவரும் கூப்பிட்டதில்லை. தொடக்கத்தில் அப்பாவின் பெயர் காதில் விழும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பேன், அப்பா பின்னால் நிற்கிறாரோ என்பதுபோல. பிறகு பழகிவிட்டது. வதனியைக் கலியாணம் முடித்துக் கூப்பிட்டபோது அவளும் திருமதி வல்லிபுரம் ஆனாள். "என்னை மாமாவுக்கெல்லோ கட்டி வைச்சிருக்கிறாங்கள்" என்று அவள் வந்த புதிதில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எங்கள் மகள் அபிநயா பிறந்தபோது அவளுக்கும் அதே பெயர். வகுப்பில் அவளை ஃபல்லி என்று கூப்பிடுகிறார்கள். பதினாறு வயது. அந்தப் பெயர் ஒரு மனிதனுடையது என்பதை அவள் யோசித்துப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு அது கதவில் ஒட்டியிருக்கும் பெயர்.

அபிக்குத் தமிழ் விளங்கும், கொஞ்சம் கதைப்பாள், வாசிப்பது மிகக் குறைவு. அப்பம்மாவோடு போனில் மூன்று வசனம் கதைப்பாள். சுகமா, சாப்பிட்டீங்களா, சரி அப்பாட்டக் குடுக்கிறன். போன வருடம் நான் புதுப் போன் வாங்கியபோது அவள்தான் எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணித் தந்தாள். பூட்டிய போனிலும் வெளியாட்கள் பார்க்கக்கூடிய அவசர இலக்கம் ஒன்று போடலாமாம். ஏதும் நடந்தால் வைத்தியர்கள் அதற்குத்தான் எடுப்பார்களாம். "அம்மாவைப் போடவா?" என்று கேட்டாள். "போடு" என்றேன். பிள்ளை என் தொடர்புப் பட்டியலில் அம்மா என்று தமிழில் இருந்ததைத் தேடிப் பிடித்துப் போட்டுவிட்டாள். அவள் வாசிக்கக்கூடிய ஒருசில தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று. அவள் நினைத்தது தன் அம்மாவை. என் போனில் அம்மா என்றால் முள்ளியவளை அம்மா. வதனியை நான் 'வீடு' என்று பதிந்து வைத்திருந்தேன். நான் என்ன கல்லும் சீமெந்துமோ என்று வதனி அதற்கு முதலே ஒருமுறை சண்டை பிடித்தவள். அப்போதே மாற்றியிருக்கலாம்.

3

அப்பா உழவு மெசின் ஓட்டியவர். சமாதான காலத்தில் நான் வெளியே வந்தேன். அப்போது எங்கள் வீட்டில் போன் இல்லை. கடைத்தெருவில் ஒரு தொலைபேசிக் கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி என்று சொல்லி வைத்தால், அப்பா அம்மாவையும் தங்கச்சி சுகியையும் உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து காத்துக்கொண்டு இருப்பார். ஜெர்மனி தூரம் என்பதால் சத்தம் போட்டால்தான் கேட்கும் என்பது அப்பாவின் எண்ணம். "கேக்குதோ?" என்று கடை அதிரக் கேட்பார். கேட்குது அப்பா என்பேன். "சரி, அம்மாட்டக் குடுக்கிறன்" என்பார். இரண்டு மூன்று வருடத்தில் அப்பா என்னோடு போனில் கதைத்த கதை அவ்வளவும்தான். எனக்குக் கேட்கிறது என்று தெரிந்தால் அவருக்குப் போதும்.

யுத்தத்தின் கடைசி மாதங்களில் எந்தப் போனும் இல்லை. பிறகு ஒருநாள் வவுனியா முகாமிலிருந்து யாரோ ஒருவருடைய போனில் அம்மா எடுத்தார். "நானும் சுகியும் இருக்கிறம். அப்பாவை ஆமிக்காரர் வேற வரிசையில நிக்கச் சொன்னவை. வந்திடுவார்" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்ட ஒவ்வொரு முறையும் அந்தக் கடைசிச் சொல்லைத்தான் சொன்னார். வந்திடுவார். இரண்டு வருடத்துக்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். அம்மா சொல்வதை விடவில்லை. நான் கேட்காததால் சொல்ல இடமில்லாமல் போனது, அவ்வளவுதான்.

முள்ளியவளைக்குத் திரும்பியதும் அம்மா வாங்கிய முதற்பொருள் போன். அப்பாவைத் தேடி எத்தனையோ இடத்தில் விண்ணப்பம் கொடுத்தார், விசாரணை என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனார். எல்லாப் படிவத்திலும் அந்த ஒரு நம்பர்தான். மலிவான சிம் வந்தபோதும் மாற்றவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை. இறந்துவிட்டதாக ஒரு பத்திரம் தருகிறோம் என்று சொன்னவர்களுக்குக் கையெழுத்து வைத்துக் கொடுக்கவும் இல்லை. ஜெர்மனிக்கு வந்து ஒரு மாதம் நின்றுவிட்டுப் போங்கள் என்று நான் கெஞ்சாத வருடம் இல்லை. பாஸ்போட் எடுப்பதற்குக்கூட அம்மா சம்மதிக்கவில்லை. "அவர் வரேக்க வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது" என்பார். எனக்கு அதில் கோபமும் வந்திருக்கிறது. உயிரோடு இருக்கிற மகனைவிட இல்லாத ஆள் பெரிதாகப் போய்விட்டாரா என்று வதனியிடம் ஒருமுறை சத்தம் போட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

4

போன வருடம் ஆனி மாதம், பிரான்சில் ஒரு தரிப்பிடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். விடியத்திலிருந்தே விலாவில் ஒரு நோவு இருந்தது. இறங்கிப் பத்தடி நடந்திருப்பேன். அதற்குப் பிறகு நான் தரையில் சுருண்டு கிடந்ததும், ஒரு போலந்துச் சாரதி என் தலைக்குக் கீழே தன் ஜக்கெற்றை வைத்ததும் ஞாபகம் இருக்கிறது. சிறுநீரகக் கல். கிருமியும் சேர்ந்து காய்ச்சல் ஏறிவிட்டதாம். அன்று மத்தியானமே மயக்க மருந்து கொடுத்துக் குழாய் வைத்தார்கள். லொறிக்காரருக்கு இது தொழில் வருத்தம்தான். அடிக்கடி இறங்கப் பஞ்சிப்பட்டு நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை.

மறுநாள் காலையில் தாதி வந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பயப்பட வேண்டாம், உங்கள் மனைவிக்கு நேற்றே அறிவித்துவிட்டோம் என்றார். மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் போனில் பிடித்துத் தமிழிலேயே சொன்னார்களாம். மனைவி அழுதாராம். கட்டாயம் வருவதாகச் சொன்னாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வதனி எனக்காக அழுவாள் என்று நான் நினைத்ததே இல்லை. அந்த நிம்மதியில் பத்து மணி வரை நன்றாகத் தூங்கினேன். என் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. அவசரமில்லை என்று விட்டுவிட்டேன்.

எழும்பியதும் பக்கத்துக் கட்டில்காரர் சார்ஜர் தந்தார். போனைப் போட்டதும் வதனியின் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்தன. எடுத்தேன். எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று கத்தினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. மனைவிக்குச் சொல்லியாகிவிட்டதாம் என்று ஆஸ்பத்திரி சொன்னதை நம்பிக் கம்பனியும் சும்மா இருந்திருக்கிறது. ஊருக்கு எடுத்துக் கேட்கலாம் என்றால் அம்மா பயந்துவிடுவார் என்று வதனி அதையும் செய்யவில்லையாம். நான் நிலைமையைச் சொன்னேன். அழுதாள். ஆக, வதனி அழுதது இன்றைக்குத்தான். அப்படியானால் நேற்று அழுதது யார்?

அப்போதுதான் சுகியின் குரற்பதிவைப் பார்த்தேன். முதல்நாள் இரவு அனுப்பியிருந்தாள். "அண்ணா, உடன எடுங்கோ. அப்பாவைப் பற்றி ஒரு போன் வந்தது."

சுகிக்கு எடுத்தேன். அவள் குரலைத் தாழ்த்திக் கொண்டு முழுவதையும் சொன்னாள். அன்று ஒரு மணிக்கு நான் எடுக்காததால் அம்மா பின்னேரம் வரை போனை மடியில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஐந்தரை மணியளவில் போன் அடித்தது. ஒரு பெண்பிள்ளை, சுத்தமான தமிழில், வல்லிபுரம் என்பவர் உங்களுக்கு என்ன முறை என்று கேட்டிருக்கிறாள். அம்மா எழும்பி நின்றிருக்கிறார். என்ர மனுசன் என்றிருக்கிறார். அவர் பிரான்சில் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இப்போது கதைக்கிற நிலைமையில் இல்லை, பயப்பட வேண்டாம், உயிரோடு இருக்கிறார், அவரிடம் உங்கள் நம்பர்தான் இருந்தது என்றாளாம். அந்தப் பிள்ளை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறாள். காகிதத்தில் இருந்த பெயரைச் சொல்லியிருக்கிறாள். அம்மாவும் கேட்ட கேள்விக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். இதில் பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை.

ஊரில் ஒருவருக்கும் சொல்லாதே, முதலில் தம்பிக்குத்தான், அதாவது எனக்குத்தான், சொல்ல வேண்டும் என்று அம்மா சுகியிடம் சத்தியம் வாங்கியிருந்தார். காலையில் குளித்து, நல்ல சேலை கட்டி, சுகியைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்ப் பாஸ்போட்டுக்குப் படம் எடுத்திருக்கிறார். அடுத்த நாள் முதல் பஸ்ஸில் வவுனியாவுக்குப் போய்ப் பாஸ்போட்டுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. எத்தனை வருடம் நான் கேட்டும் எடுக்காத படம்.

"எனக்கு விடிய யோசனை வந்ததண்ணா" என்றாள் சுகி. "உங்கட பாஸ்போட்டிலயும் அந்தப் பேர்தானே எண்டு. நீங்களும் போன் எடுக்கேல்ல. ஆனா அம்மான்ர முகத்தைப் பாத்திட்டு என்னால சொல்ல ஏலேல்ல. நீங்களே சொல்லுங்கோ."

5

அம்மா போனை வாங்கினார். அந்தக் குரலை நான் என்றுமே கேட்டதில்லை. வேகமாகவும் மெலிதாகவும் இருந்தது. எந்தத் தேசம் என்று கேட்கவில்லை. முதல்நாள் நான் எடுக்காமல் விட்டதும் அவருக்கு ஞாபகம் இல்லை.

"தம்பி, அப்பா இருக்கிறார்" என்றார். "பிரான்சில ஒரு ஆஸ்பத்திரியிலயாம். என்ன வருத்தமெண்டு அந்தப் பிள்ளை சொன்னது, எனக்குப் பதட்டத்தில விளங்கேல்ல. நீ அந்தப் பக்கமெல்லாம் போறனிதானே. ஒருக்காப் போய்ப் பார். தனியக் கிடக்கிறார்."

என் கையில் ஊசி குத்தியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இன்னும் ஒருநாள் விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது, மறைக்க மாட்டேன். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் ஒருநாள் தள்ளித்தானே சொல்கிறோம். ஆனால் நாளைக்கு முதல் பஸ்ஸில் ஏறிப் போய், அந்த அலுவலக வரிசையில் நின்று, எதற்குப் போகிறீர்கள் என்று கேட்கிறவரிடம் என் மனுசனைப் பார்க்க என்று அம்மா சொல்லப் போகிறார். அதை நினைக்க என்னால் முடியவில்லை.

"அம்மா, அந்த ஆஸ்பத்திரியில கிடக்கிறது நான்."

"நீயோ?" என்றார். "அப்ப அவரிட்டப் போயிட்டியே? கண்ணைத் திறந்து பாத்தவரோ?"

அப்பாவுக்குப் பக்கத்தில் நான் நிற்பதாக அம்மா விளங்கிக்கொண்டார். திரும்பவும் முதலில் இருந்து சொன்னேன். "அப்பா இல்லையம்மா. எனக்குத்தான் வருத்தம். இஞ்ச என்னை அப்பான்ர பேர் சொல்லித்தான் கூப்பிடுறவை. பாஸ்போட்டிலயும் அப்பிடித்தான். அந்தப் பிள்ளை சொன்ன வல்லிபுரம் நான்தான்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன், நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. றோட்டில் ஒரு பஸ் கோர்ண் அடித்துக்கொண்டு போனது கேட்டது. எங்கள் வீட்டுக் காகங்கள் கேட்டன. அம்மாவின் மூச்சு மட்டும் கேட்கவில்லை. நான் அம்மா என்று கூப்பிடவும் பயந்துபோய் இருந்தேன். அப்பாவை இரண்டாம் முறை அவரிடமிருந்து பறித்தவன் நான் என்று எனக்குப் பட்டது. இன்றைக்கும் அந்த எண்ணம் முழுதாகப் போகவில்லை.

"உனக்கென்ன வருத்தம்?" என்று கேட்டார்.

கல் என்றேன். எவ்வளவு பெரிய கல், எந்தப் பக்கம், வெட்டினார்களா, இப்போது நோகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குரல் பழைய குரலுக்குத் திரும்பியிருந்தது. தண்ணி குடிக்கிறேல்லை என்ன என்று ஏசினார். வாழைத்தண்டு அங்கே வாங்கலாமா, இளநீர் கிடைக்குமா என்று விசாரித்தார். வதனி வருகிறாளா, பிள்ளையைத் தனியே விடவேண்டாம் என்றார். அப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. "சரி, படு. நாளைக்கு எடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுகி சொன்னாள். அம்மா எழும்பி, பாஸ்போட் படங்கள் நாலும் இருந்த கடித உறையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாராம். கோயிலுக்குப் போய் என் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாராம்.

6

வீட்டுக்கு வந்த பிறகு, இந்தக் குழப்பம் எங்கே தொடங்கியது என்று அபிக்குத் தெரியவந்தது. பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உன் பிழை இல்லை, உன்னைப் போடச் சொன்னவன் நான், உன் அம்மாவை வீடு என்று எழுதி வைத்தவனும் நான் என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். பின்னேரம் வெளியே வந்து, அந்த வல்லிபுரம் எங்கே என்று கேட்டாள். முதன்முதலாகக் கேட்டாள். தெரியாது என்றேன். ஜெர்மன் மொழியில் காணாமல் போனவருக்கும், ஒருவர் இல்லாமல் மனம் தவிப்பதற்கும் ஒரே சொல்தான். அந்தச் சொல்லை அபி மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அவள் எந்தக் கருத்தில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. இப்போது அப்பம்மாவோடு கதைக்கும்போது மூன்று வசனம் ஐந்து ஆகியிருக்கிறது. அவ்வளவுக்கு மேல் நான் பெருமை அடிக்க மாட்டேன்.

இந்த வருடம் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. அதோடு ஒரு வசதியும் உண்டு. பெயரை இந்த நாட்டு ஒழுங்குக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளலாம். நகர அலுவலகத்தில் ஒரு படிவம் தந்தார்கள். சிவகுமாரன் என்பதைக் குடும்பப் பெயராக்கலாம், வல்லிபுரத்தை எடுத்துவிடலாம், விரும்பினால் பிள்ளைக்கும் மாற்றலாம். எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. இன்னொரு ஆஸ்பத்திரி, இன்னொரு பொலிஸ், இன்னொரு நல்ல தமிழ் பேசுகிற பிள்ளை அந்த நம்பருக்கு எடுத்துவிடக் கூடாது. அவசர இலக்கத்தை மாற்றியாயிற்று. ஆனால் என் பயம் அதோடு அடங்கவில்லை. படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வைத்து வண்டியில் கொண்டு திரிந்தேன். அனுப்ப முதல் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று பட்டது. அந்த ஆனி மாதத்துக்குப் பிறகு நாங்கள் அதைப்பற்றிக் கதைத்ததே இல்லை.

போன கிழமை ஹம்பேர்க்குக்குப் பக்கத்தில் ஒரு பெரிய களஞ்சியத்தின் முற்றத்தில், சாமான் இறக்க முறை வரும்வரை நின்றுகொண்டிருந்தேன். அங்கே ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவுக்கு எடுத்தேன். எந்தத் தேசம், மழையோ எல்லாம் முடிந்தது. பேரை மாற்றப் போகிறேன், இனி உங்களுக்கு அப்படி ஒரு போன் வராது என்று சொன்னேன்.

"உன்ர விருப்பம்" என்றார் அம்மா. "உனக்கு எது சுகமோ அதைச் செய்." உடனே கதையைத் திருப்பி, இந்த முறை குளத்தில் தண்ணீர் காணாது, சிறுபோக நெல் பாதிப் பேர்தான் விதைத்திருக்கிறார்கள் என்று தொடங்கிவிட்டார். எனக்கும் பெரிய ஆறுதல். நினைத்ததைவிட லேசாக முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது ஒலிபெருக்கி கூப்பிட்டது. ஹெர் ஃபல்லிபுரம், எட்டாம் இலக்க வாசல்.

அம்மா வயல் கதையை நிறுத்தினார். "ஆரையோ கூப்பிட்டவங்கள் என்ன?"

"ஓம், என்னைத்தான். லொறியைப் பின்னுக்கு விடட்டாம்."

"என்னெண்டு கூப்பிட்டவங்கள்?"

சொல்லத் தயக்கமாக இருந்தது. "வல்லிபுரம் எண்டுதான்" என்றேன்.

ஒலிபெருக்கி இன்னொரு முறை கூப்பிட்டது. பின்னால் நின்றவன் கோர்ண் அடித்தான். நான் சாவியைத் திருப்பினேன். இஞ்சின் சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்காமல் போய்விடும் என்று திரும்பவும் நிறுத்தினேன்.

"அந்தப் பேரைச் சொல்ல இஞ்ச ஆளில்லையடா தம்பி" என்றார். அழவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். "நான் சொல்லுறேல்ல. நீங்கள் ரெண்டு பேரும் அப்பா எண்டுவியள். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆக்களெல்லாம் போய்ச் சேந்திட்டினம். விசாரணைக்குப் போனால் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுறாங்கள். அங்க எண்டாலும் ஆரோ நாளுக்கு நாலுதரம் கூப்பிடுறாங்கள். அதை மாத்தாதை."

மூன்றாம் முறையும் கூப்பிட்டார்கள். இந்த முறை கொஞ்சம் கோபத்தோடு, கொஞ்சம் சத்தமாக.

"கூப்பிடுறாங்கள், கேக்கேல்லையே?" என்றார் அம்மா. "போய் ஓம் எண்டு சொல்லு. நான் வைக்கேல்ல. கேட்டுக்கொண்டு இருக்கிறன்."